எலும்புக்கூடு ஏன் பாதியில் நிற்கிறது?

பட்டறைப் பதில்கள்: இந்த மாதம் ஹாலோவீன் பொம்மைகள்

அக்டோபர் 31 நெருங்கிவிட்டது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேய், பிசாசு, சூனியக்காரி, எலும்புக்கூடு. எல்லாம் வீட்டிலேயே செய்து மோட்டார் வைத்து ஆட்டுகிறவை. செய்தவர்களுக்கு முதலில் ஒரு சபாஷ். கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பேயைத் தொங்கவிடுவதைவிட, பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எனக்கு நெருக்கமானவர்கள்.

அநேகமாக எல்லாக் கடிதத்திலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மோட்டார்தான். "மோட்டாருக்குச் சக்தி போதவில்லை", "மோட்டார் கெட்டுவிட்டது", "பெரிய மோட்டார் சொல்லுங்கள்" என்றே எழுதுகிறீர்கள். வந்தவற்றில் மோட்டார் உண்மையிலேயே கெட்டுப்போனதாகத் தெரிகிற கடிதம் ஒன்றுகூட இல்லை. இன்னொரு மோட்டாருக்குக் காசு போடும் முன், இருக்கிற மோட்டாரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, பொம்மையைக் கையால் ஒரு முழுச் சுற்று அசைத்துப் பாருங்கள். கைக்கு எங்கே கனக்கிறதோ அங்கேதான் நோவு.

கேள்வி: ஐயா, சவப்பெட்டியிலிருந்து எழுந்து உட்காரும் எலும்புக்கூடு செய்திருக்கிறேன். பழைய கார் வைப்பர் மோட்டார்தான் போட்டிருக்கிறேன். மோட்டார் அச்சில் மாட்டி அதோடு சுற்றும் கை, அதாவது கிராங்க், 12 செ.மீ. அதிலிருந்து போகும் இணைப்புக் கம்பி 40 செ.மீ. முதுகோடு பிணைத்திருக்கும் நெம்புகோல் 18 செ.மீ. மோட்டார் அச்சுக்கும் இடுப்புக் கீலுக்கும் நடுவே 30 செ.மீ. முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனதும் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றி அங்கேயும் மாட்டிக்கொள்கிறது. இன்னும் பெரிய மோட்டார் வாங்கலாமா?
— எலும்புக்கூட்டின் அப்பா

பதில்: வாங்கவே வாங்காதீர்கள். பெரிய மோட்டார் போட்டால் நிற்காது, உண்மைதான். கம்பியை வளைத்துக்கொண்டோ, பல்சக்கரத்தின் பல்லை உதிர்த்துக்கொண்டோ போகும்.

நான்கு அளவையும் எழுதியதற்கு நன்றி. அதனால்தான் பொம்மையைப் பார்க்காமலே பதில் சொல்ல முடிகிறது. உங்கள் கிராங்க் கீலைப் பார்த்துத் திரும்பும் இடத்துக்கு வாருங்கள். கிராங்கின் நுனிக்கும் கீலுக்கும் உள்ள தூரம் அங்கே 30-இல் 12 போக 18 செ.மீ. ஆக வேண்டும். அந்த 18 செ.மீ. இடைவெளிக்குள் 40 செ.மீ. கம்பியும் 18 செ.மீ. நெம்புகோலும் மடங்கி உட்கார வேண்டும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வளவு மடக்கினாலும் நுனிக்கு நுனி 40-இல் 18 போக 22 செ.மீ. இருந்தே தீரும். 18-க்குள் 22 எப்படி அடங்கும்? கிராங்க் கீலை நேராகப் பார்ப்பதற்குச் சுமார் 39 டிகிரி முன்னாலேயே கம்பியும் நெம்புகோலும் ஒரே கோட்டில் படுத்துவிடும். அதற்கு மேல் நகர இடமில்லை. மறுபக்கமாகச் சுற்றினாலும் அதே 39 டிகிரியில் அதே முட்டல். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். மோட்டார் நிற்கும்போது பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பியும் நெம்புகோலும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு கிடக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் கிராஷோஃப் பெயரில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. நான்கு நீளங்களில் மிகக் குட்டையானதையும் மிக நீளமானதையும் கூட்டுங்கள். அந்தத் தொகை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குட்டையானது கிராங்காக இருந்தால் அது முழுச் சுற்றுச் சுற்றும். உங்கள் கணக்கில் 12-உம் 40-உம் சேர்ந்தால் 52. மற்றவை 18-உம் 30-உம் சேர்ந்தால் 48. நான்கு சென்டிமீட்டர் கடன்.

கம்பியை 40-லிருந்து 30-ஆகக் குறைத்தால் 42-க்கு 48. சுற்றும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். சுற்றுவது வேறு, சுமையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது வேறு. கம்பிக்கும் நெம்புகோலுக்கும் நடுவே உள்ள கோணம் ரொம்பக் குறுகினால், கம்பி தள்ளுகிற விசையில் பெரும்பகுதி கீலை அழுத்துவதிலேயே போய்விடும். எழுப்புவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 40 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது பட்டறை வழக்கம். கிராங்க் 12 செ.மீ. என்றால் அந்தக் கோணம் ஓரிடத்தில் 34 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கிராங்கில் 9 செ.மீ. தூரத்தில் இன்னொரு துளை போடுங்கள். கோணம் 43-க்கு மேல் நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. 12 செ.மீ. கிராங்க் முதுகை 86 டிகிரி எழுப்பியிருக்கும், 9 செ.மீ. 62 டிகிரிதான் எழுப்பும். பாதி எழுந்து எட்டிப் பார்க்கிற எலும்புக்கூடு நட்டுக்குத்தாக உட்கார்ந்திருப்பதைவிடப் பயமாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி.

இரும்பை அறுக்கும் முன் தடித்த அட்டையில் பாதி அளவுக்கு நான்கு பட்டை வெட்டி, குண்டூசியால் கோத்துச் சுற்றிப் பாருங்கள். அட்டை மாட்டினால் இரும்பும் மாட்டும்.

அடுத்தது எடை. அதை நீங்கள் எழுதவில்லை. எலும்புக்கூடு 2 கிலோ, அதன் எடை மையம் இடுப்பிலிருந்து 40 செ.மீ. மேலே என்று வைத்துக்கொள்வோம். படுத்த நிலையிலிருந்து எழுப்பும் முதல் கணத்தில் கீலில் 80 கிலோ-செ.மீ. முறுக்கு விசை வேண்டும். எழ எழ அது குறைந்துகொண்டே வரும். அந்த முதல் கணத்துக்காக மட்டும் மோட்டாரை வதைக்க வேண்டாம். கீலுக்குப் பின்பக்கம் 20 செ.மீ. நீட்டிய கட்டையில் 3 கிலோ எடை கட்டினால் 60 போய்விடும், மோட்டாருக்கு மிச்சம் 20 மட்டுமே. இடமில்லையென்றால் பெட்டியின் கால்மாட்டில் ஸ்பிரிங்கோ தடித்த எலாஸ்டிக் கயிறோ மறைவாகக் கட்டி, படுத்திருக்கும்போது இழுவிசை முழுதாக இருக்கிறபடி அமைக்கலாம்.

மூட்டுகளில் சாதாரண நட்டு வேண்டாம். ஆட்டத்தில் ஒன்று தானாகக் கழலும், இல்லையென்றால் கழலக்கூடாது என்று நீங்கள் இறுக்கி இறுக்கி மூட்டையே பூட்டிவிடுவீர்கள். நைலான் வளையம் வைத்த லாக் நட்டு போடுங்கள். இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு வாஷர், நட்டின் அடியில் ஒரு வாஷர். முழுதும் இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். பட்டை தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். அதுதான் அளவு.

கடைசியாக ஒன்று, அப்பா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். கம்பியும் நெம்புகோலும் கத்தரிக்கோலாக மூடித் திறக்கிற இடத்துக்குக் குழந்தைகளின் விரல் எட்டக்கூடாது. பெட்டியின் பக்கவாட்டை ஒட்டுப்பலகையால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பறக்கும் பேய் ஒன்று கட்டியிருக்கிறேன். தலைக்கு ஒரு நைலான் நரம்பு, இரண்டு கைக்கும் இரண்டு நரம்பு. மூன்றும் மேலே சட்டத்தில் உள்ள வளையங்கள் வழியாகப் போய், மல்லாந்து கிடக்கும் மோட்டாரின் கிராங்க் நுனியில் 8 மி.மீ. போல்ட்டில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். மோட்டார் நிமிடத்துக்கு 6 சுற்று. இரண்டு பிரச்சினை. ஓட ஓடப் பேய் மேலே ஏறிக்கொண்டே போய்ச் சட்டத்தில் முட்டிக்கொள்கிறது. இரண்டாவது, கைகள் நன்றாக அலைகின்றன, தலை மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. தலை நரம்புக்கான வளையம் மோட்டார் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. மோட்டாருக்கு இழுக்கத் தெம்பில்லையா?
— மாடிப்படிப் பேய்க்காரி

பதில்: தெம்பில்லாத மோட்டார் பேயைச் சட்டம் வரை ஏற்றுமா, தங்கச்சி? தெம்பெல்லாம் இருக்கிறது.

முதல் சிக்கல் முடிச்சில். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது அதில் இறுக்கிய போல்ட்டும் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நரம்புகளோ எப்போதும் வளையம் இருக்கிற திசையிலிருந்தே வருகின்றன. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பு போல்ட்டின்மேல் ஒரு வரி ஏறும். 8 மி.மீ. போல்ட்டின் சுற்றளவு 25 மி.மீ. நிமிடத்துக்கு 6 சுற்றென்றால் 15 செ.மீ. நரம்பு போல்ட்டில் சுற்றிக்கொள்கிறது. நீங்கள் செய்து வைத்திருப்பது ஆட்டுகிற பொறியும் ஏற்றுகிற பொறியும் சேர்ந்த ஒன்று.

தீர்வு, நரம்பைப் பிடித்திருப்பது போல்ட்டோடு சுற்றாமல் இருக்க வேண்டும். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 என்ற எண்ணுள்ள பேரிங் ஒன்று வாங்குங்கள். அதன் உள்துளை 8 மி.மீ., உங்கள் போல்ட்டுக்காகவே செய்ததுதான். வெளிவிட்டம் 22 மி.மீ. கைக்கு அடங்கும் மரவட்டில் ஒன்றின் நடுவில் 22 மி.மீ. துளையிட்டுப் பேரிங்கை அதில் அடித்து இறக்குங்கள். வட்டிலின் ஓரத்தில் மூன்று சின்னத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நரம்பு. போல்ட்டை இறுக்கும்போது பேரிங்குக்கு மேலேயும் கீழேயும் அதன் உள்வளையத்தை மட்டும் தொடுகிற சின்ன வாஷர் போடுங்கள். பெரிய வாஷர் வெளிவளையத்தையும் அமுக்கிப் பிடித்துவிடும், பிறகு பேரிங் போட்டும் பயனில்லை. கிராங்க் சுற்றச் சுற்ற வட்டில் திசை மாறாமல் மிதந்தபடி வட்டமிட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கலுக்கு விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வளையம் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. கிராங்க் நுனி எங்கே போனாலும் அந்த வளையத்திலிருந்து அதன் தூரம் மாறாது. தூரம் மாறாவிட்டால் நரம்பு நீளாது, குறையாது, தலையும் அசையாது. வளையத்தைக் கிராங்க் வரைகிற வட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டில் தள்ளி, கிராங்கின் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து நரம்பு மேலே ஏறித் தலைக்குப் போகட்டும். அப்படி வைத்தால் கிராங்க் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தலை ஏறி இறங்கும். 15 செ.மீ. கிராங்குக்கு 30 செ.மீ.

மூன்று வளையங்களையும் மோட்டாரைச் சுற்றிச் சமமாக, அதாவது 120 டிகிரிக்கு ஒன்றாக, வையுங்கள். உங்கள் மோட்டார் ஒரு சுற்றுக்கு 10 விநாடி எடுக்கிறது. ஆகவே தலை உச்சிக்குப் போய் 3 விநாடி கழித்து ஒரு கை, இன்னும் 3 விநாடி கழித்து மறு கை. அந்த ஒழுங்கீனத்தில்தான் உயிர் இருக்கிறது. மூன்று வளையமும் ஒரே பக்கம் நெருங்கியிருந்தால் தலையும் கைகளும் சேர்ந்தே ஏறி இறங்கி, பேய் தண்டால் எடுப்பது மாதிரி ஆகிவிடும்.

மோட்டார் மேல் சந்தேகம் தீரவில்லையென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். துணியும் தலையும் கையும் சேர்த்து 600 கிராம் என்றால், மூன்றும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தாலும் 0.6 பெருக்கல் 15, 9 கிலோ-செ.மீ. மூன்றும் மாறி மாறி இழுப்பதால் அவ்வளவு ஒருபோதும் வராது.

நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை இழை நைலான் நீளும். இரும்பு வளையத்தில் உரசியே தேய்ந்து, ஆள் கூடியிருக்கிற நேரமாகப் பார்த்து அறும். பின்னிய தூண்டில் நரம்பு கறுப்பு நிறத்தில் வாங்குங்கள், வளையத்துக்குப் பதில் சின்னக் கப்பி போடுங்கள். புற ஊதா விளக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிறமில்லாத நைலான்களில் சில அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்து குட்டை உடைத்துவிடும்.

கேள்வி: கொப்பரையைத் துழாவும் சூனியக்காரிக்குப் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுழற்றும் மோட்டாரைப் பொருத்தினேன். ஒரு நாள் வலப்பக்கம் துழாவுகிறாள், மறுநாள் இடப்பக்கம். அகப்பை எதிலாவது தட்டினால் திரும்பிக்கொள்கிறாள். மோட்டார் போய்விட்டதா சார்?

பதில்: இல்லை, அதன் சுபாவமே அது. உள்ளே நிலைக்காந்தம் உள்ள சிங்க்ரோனஸ் மோட்டார், அதாவது ஏ.சி. மின்சாரத்தின் அலையோடு ஒத்துச் சுற்றுகிற மோட்டார், இருக்கிறது. மின்சாரம் வரும் கணத்தில் அலை எந்த நிலையில் இருக்கிறதோ, காந்தம் எப்படி நின்றதோ, அதைப் பொறுத்து எந்தப் பக்கமும் கிளம்பும். தடை பட்டால் எதிர்ப்பக்கம் திரும்பும். அடுப்புத் தட்டு எந்தப் பக்கம் சுற்றினால் யாருக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். உங்கள் சூனியக்காரிக்கும் அது பொருத்தம்தான், அப்படியே விடுங்கள். ஒரே திசைதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் கியர் வைத்த 12 வோல்ட் டி.சி. மோட்டாருக்கு மாறுங்கள்.

மோட்டாரின் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பார்த்தீர்களா? இவற்றில் பல வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுபவை. தண்ணீர் ஊற்றிய கொப்பரைக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்த மோட்டாருக்காக மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் உயர் அழுத்தக் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும்.

கேள்வி: வைப்பர் மோட்டாரை 12 வோல்ட், 2 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் கொடுத்தால் டக்... டக்... என்று விநாடிக்கொரு தரம் துடிக்கிறது, சுற்றவில்லை. கார் பேட்டரியில் கொடுத்தால் அருமையாக ஓடுகிறது. பேட்டரியிலேயே ஓட்டிவிடலாமா?
— துடிப்புக்காரன்

பதில்: துடிப்பது உங்கள் எஸ்.எம்.பி.எஸ்., தம்பி. நின்றுகொண்டிருக்கிற மோட்டாரில் மின்சாரத்தைத் தடுக்கச் சுருளின் மின்தடையைத் தவிர எதுவும் இல்லை. சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மோட்டார் தானே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கி, இழுக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். சுருளின் தடை 1 ஓம் என்றால்கூடக் கிளம்பும் கணத்தில் 12 ஆம்பியர் கேட்கும். 2 ஆம்பியர்க்காரன் அதைப் பார்த்ததும் தற்காப்புக்காக அணைகிறான், சற்றுப் பொறுத்து மறுபடி முயல்கிறான், மறுபடி அணைகிறான். அந்த டக் டக் அதுதான்.

10 ஆம்பியரோ அதற்கு மேலோ தாங்கும் சப்ளை வாங்குங்கள். அதோடு அதே அளவு ஆம்பியர் தாங்கும் பி.டபிள்யூ.எம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று. குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பினால் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரமும் அடங்கும், வேகமும் உங்கள் கைக்குள் வரும். வைப்பர் மோட்டார் மெதுவான வயரிலேயே நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்றுச் சுற்றும், பெரும்பாலான பொம்மைகளுக்கு அது அதிகம். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை கிடந்தாலும் ஆகும். ஏ.டி.எக்ஸ். வகையில் பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் உயிர் வரும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பொது. சிவப்பில் கொடுத்தால் வேகம் பாதிக்கும் கீழே வரும், இழுக்கும் வலுவும் கூடவே குறையும். அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்.

பேட்டரியில் ஓட்டலாம். ஆனால் ஷார்ட் ஆனால் அது நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொட்டும், வயர் பழுத்துத் துணி பற்றிக்கொள்ளும். பிளஸ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் போடாமல் ஓட்டக்கூடாது. பல வைப்பர் மோட்டார்களில் வெளி உடம்பே மைனஸ் என்பதையும் மறக்காதீர்கள். இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் சட்டம் முழுதும் மைனஸ்தான்.

கேள்வி: ஆள் வந்தால் எழும்பும்படி பி.ஐ.ஆர். சென்சார் வைத்த பொம்மை. யாருமே இல்லாதபோதும் எழும்புகிறது. ஒரு தரம் ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. சென்சாரை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
— ஆளில்லாமலே பயந்தவர்

பதில்: சென்சாரை மாற்றியும் அதே கதை என்றால் சென்சார் நிரபராதி. மோட்டாருக்கும் சென்சாருக்கும் ஒரே சப்ளையா? மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் அந்த வயரில் ஏற்படும் மின் அதிர்வைச் சென்சார் "ஆள் வந்தாச்சு" என்று எடுத்துக்கொள்கிறது. மோட்டார் நின்றதும் மறுபடி கிளப்புகிறது. அது ஓயாது. சென்சாருக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். சிக்னல் போவதற்கு இரண்டு சப்ளையின் மைனஸையும் மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரையும் மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே ஸ்விட்சின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடையும் பற்றவையுங்கள். டயோடின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

ஸ்விட்ச் போட்டதும் முதல் ஒரு நிமிடம் சென்சார் தாறுமாறாகத்தான் நடக்கும், அப்போது சோதிக்காதீர்கள். சென்சார் உணர்வது வெப்பத்தின் நகர்வை. புகை இயந்திரம் வைத்திருந்தால் அதிலிருந்து வரும் சூடான புகை சென்சார் முன்னால் தவழ்ந்தாலும் பொம்மை எழும்பும். புகையின் வாயை வேறு பக்கம் திருப்புங்கள், சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு குழல் செய்து, ஆள் நடக்கிற பாதையை மட்டும் பார்க்கும்படி விடுங்கள்.